இலையில் சோற்றுக்கு எவ்வளவு இடம்?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மண்டபத்தின் பின்கட்டிலே அன்னதானத்துக்குச் சோறு வெந்துகொண்டிருக்கிறது. அந்த வாசனை வீசும் இடத்திலே, சோற்றைக் குறைப்பது பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கிறான் என்றால் அவன் துணிச்சல்காரன்தான். காரியதரிசி அவர்கள் என்னிடம், "உங்கள் பேச்சைச் சாப்பாட்டுக்கு முன்னே வைக்கலாமா, பின்னே வைக்கலாமா?" என்று கேட்டார். முன்னே வையுங்கள், பின்னே வைத்தால் கேட்பவர்கள் தூங்கிப் போவார்கள் என்றேன். அந்தத் தூக்கமும் என் பேச்சோடு சம்பந்தப்பட்டதுதான்.

நான் வைத்தியன் அல்லன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவன். நமது சனங்கள் சீனி வருத்தம் என்று சொல்லும் நீரிழிவு எங்கள் குடும்பத்தில் முதுசொம் போல வந்துகொண்டிருக்கிறது. என் மூத்த அக்காவுக்குக் காலில் சிறு கொப்புளம் ஒன்று வந்தது. செருப்புக் கடித்தது என்று விட்டுவிட்டார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று எனக்கு உண்டான பயத்தை இங்கே விபரிக்க மாட்டேன். எனக்கும் நான்கு வருடமாக அதே வியாதி. மாத்திரை போட்டுக்கொண்டு, சோற்றையும் முன்போலவே சாப்பிட்டு வந்தேன்.

பயந்தவன் அவசரப்படுவான். மறுநாளே சோறு, பாண், இடியப்பம், சீனி எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டேன். மாத்திரையை மட்டும் விடவில்லை, குறைக்கவுமில்லை, வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. நான் போட்டது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை மாத்திரை. சோறு வரும் என்று எண்ணி அது தன் வேலையைச் செய்தது, சோறோ வரவில்லை. நான்காம் நாட் காலை கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது கை நடுங்கிற்று, வேர்த்துக் கொட்டிற்று, கண் இருண்டது. மதிலோரம் சரிந்துவிட்டேன். வழியே வந்த சிங்கள அம்மையார் ஒருவர் பக்கத்துக் கடையில் சீனி கூடப் போட்ட தேநீர் வாங்கிப் பருக்கி என்னை எழுப்பினார். எதற்குப் பயந்து ஓடினேனோ அந்தச் சீனிதான் அன்று என்னைக் காப்பாற்றியது. ஆகையால், நான் இங்கே சொல்லப் போவது சோற்றை விடும் கதையன்று. மெல்ல மெல்லக் குறைக்கும் கதை.

இது எங்கள் குடும்பத்துக்கு மாத்திரம் உரிய கவலையும் அன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் வடக்குக் கிழக்கு நீங்கலாக ஏழு மாகாணங்களில் நடந்த பேராய்வொன்று, நம் நாட்டில் வளர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்றும், அதற்கு முந்திய படியில் நிற்போரையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்றும் காட்டியது. முன் வரிசையில் இருக்கும் இளைஞர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறு, பாண், கிழங்கு, சீனி ஆகிய எல்லாம் வயிற்றில் குளுக்கோசாகித்தான் இரத்தத்துக்குப் போகின்றன. அதை இரத்தத்திலிருந்து தசைக்குள் அனுப்பும் வாயிற்காவலன் இன்சுலின். மழைக்காலத்தில் மகாவலி பெருகினாற்போலக் குளுக்கோசு வந்து மோதிக்கொண்டே இருந்தால், நாளடைவில் காவலன் களைத்துப்போகிறான். கணித ஆசிரியன் என்பதால் என் சாப்பாட்டை ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். மத்தியானம் ஒரு சுண்டு அரிசிச் சோறு. ஒரு சுண்டு ஏறக்குறைய 200 கிராம். அதில் 150 கிராமுக்கு மேல் மாப்பொருள். காலையில் அரை றாத்தல் பாண், அதில் 100 கிராமுக்கு மேல். நாளுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. அது ஒரு 50 கிராம். இரவு இடியப்பத்தைச் சேர்க்கு முன்னரே 300 கிராமைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது சரிவரலாம். கதிரையிலிருந்து விடைத்தாள் திருத்துபவனுக்கு எதற்கு?

இது இன்றைக்குக் கண்டுபிடித்த புதுமையுமன்று. நம் பழைய வைத்தியர்கள் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு இதை மதுமேகம் என்றார்கள். உண்டு உறங்கி உடல் அசையாதிருப்போருக்கு இது வரும் என்பதையும் அறிந்திருந்தார்கள். திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் குறளில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியவை. மேல்நாட்டிலோ, லண்டனில் பிரேதப் பெட்டி செய்து அடக்கம் நடத்தும் தொழில் பார்த்த வில்லியம் பான்டிங் என்பவர், தன் வைத்தியரின் சொற்படி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒதுக்கி 40 றாத்தலுக்கு மேல் இளைத்து, 1863இல் அதைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். 1921இல் ரொறன்ரோவில் இன்சுலினைக் கண்ட பிரெடெரிக் பான்டிங் இவருக்குத் தூரத்து உறவினர் என்பது ஒரு வேடிக்கை.

சரி, எப்படிக் குறைப்பது? முதற்காரியம், மாத்திரை போடுவோரும் இன்சுலின் ஏற்றுவோரும் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். சாப்பாடு குறையும்போது மருந்தின் அளவும் மாற வேண்டி வரும். எம்பாகிளிபுளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சில உண்டு. அவற்றைப் போட்டுக்கொண்டு மாப்பொருளை முற்றாக ஒறுத்தால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பருப்பையும் கீரையையுங்கூடக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் வளரும் சிறுபிள்ளைகளும் இந்தப் பேச்சுக்குப் புறம்பானவர்கள்.

நான் இரண்டாம் முறை தொடங்கியது தேநீரிலிருந்து. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கினேன், இரண்டு கிழமை. பிறகு ஒன்று, பிறகு அரை. தேயிலை நாட்டிலே பிறந்து ஐம்பது வயது வரை தேயிலையின் ருசி என்னவென்று நான் அறியவில்லை; சீனியின் ருசியைத்தான் அறிந்திருந்தேன். இப்போது சாயத்தண்ணியை வெறுமனே குடிக்கிறேன். முதல் மாதத்தில் இதைத் தவிர வேறொன்றையும் மாற்றவில்லை.

அதன் பிறகுதான் சோற்றில் கை வைத்தேன். கால் பங்கு குறைத்தேன். இரண்டு கிழமை கழித்து இன்னும் கால் பங்கு. அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறுமையாய் விட்டால் நாலு மணிக்குப் பசி வந்து பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போகும். கண்டியில் இருப்பவனுக்கு இந்தக் கஷ்டம் ஏன்? சந்தைக்குப் போனால் நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வந்த போஞ்சி, கோவா, லீக்ஸ். பக்கத்து வளவுகளில் பறித்த வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன். தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு கீரைச் சுண்டல், ஒரு போஞ்சிக் கறி, கடலையோ கௌப்பியோ ஒரு கிண்ணம், ஒரு கோப்பை தயிர். முட்டையும் மீனும் சாப்பிடுவோருக்கு இன்னும் இலேசு. இவற்றை முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால், அதே அளவு சோற்றுக்கும் இரத்தத்தில் சீனி ஏறுவது குறைகிறது. நான் விரலில் குத்திப் பார்த்துக் கண்ட உண்மை இது, ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

முதற் கிழமையில் தலையிடியும் சோர்வும் வரலாம். உடம்பு சேமித்து வைத்த மாப்பொருள், தன் எடையைப்போல் மும்மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தராசில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதென்று கூத்தாட வேண்டாம். அது பெரும்பாலும் தண்ணீர். மோர் குடித்தால் தலையிடி தணியும்.

பலாவைப் பற்றிச் சொல்லாமல் கண்டியில் சாப்பாட்டைப் பேச முடியுமா? 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், பலாவின் பிஞ்சுக்கும் காய்க்கும் பழத்துக்கும் இங்குள்ளவர்கள் வெவ்வேறு பெயர் வைத்திருப்பதை 1681இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். எலதெத்தவில் அவர் வாழ்ந்த இடம் நமக்குச் சில மைல் தொலைவுதான். சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்பார்கள். அந்தப் பெயரில் எச்சரிக்கையும் இருக்கிறது. பிஞ்சுப் பலாவில், பொலொஸ் என்கிறோமே, அதில் நார் அதிகம், மாப்பொருள் குறைவு. சோற்றுக்குப் பதில் தாராளமாக வைக்கலாம். பலாக்கொட்டையில் மாப்பொருள் நிறைய உண்டு. பழமோ சீனி. ஒரே மரந்தான், மூன்று கணக்கு.

குரக்கனும் அப்படியே. "நான் சோற்றை விட்டுவிட்டேன், குரக்கன் பிட்டுத்தான்" என்று பெருமையாகச் சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பிட்டு மலைபோல் குவிந்திருக்கும். குரக்கனில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் உண்டு, நல்ல தானியந்தான்; ஆனால் நூறு கிராம் குரக்கன் மாவில் எழுபது கிராமளவு மாப்பொருள். அரிசிக்கு அது அதிக தூரமில்லை. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இந்தியா முழுவதும் நடத்திய ஆய்வின் ஒரு பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாப்பொருளிலிருந்து வருகிறதாம். மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ மாற்றிக்கொண்டால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவதாகக் காணவில்லை என்றும், நூற்றில் ஐந்து பங்கு சக்தியையாவது மாப்பொருளிலிருந்து பருப்பு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றியோருக்கு அது குறைந்ததென்றும் அதில் கண்டார்கள். சைவ உணவு உண்ணும் நமக்கு இது ஆறுதலான செய்தி. அதற்காகத் தேங்காயையும் நெய்யையும் அள்ளிப்போட வேண்டாம். அக்கொழுப்பு மிஞ்சினால் இருதயம் கணக்குக் கேட்கும்.

இனி, என் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று. சோற்றைக் குறை என்று யாருக்குச் சொல்கிறோம்? 1974இல் தோட்டங்களில் பட்டினியால் எங்கள் சனங்கள் மடிந்தார்கள். 2022இல் பால்மாவும் முட்டையும் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது, மூன்று வேளையை இரண்டாக்கிய குடும்பங்களை இந்தச் சங்கத்து இளைஞர்களே வீடு வீடாகப் போய்க் கண்டார்கள். லயத்தில் ரொட்டியும் சம்பலும் சீனித் தேநீரும் சாப்பிட்டு மலையேறும் தாய்க்கு நான் பொலொஸ் கறியும் தயிரும் உபதேசிப்பது வெட்கக்கேடு. மலிவான மாவும் சீனியும்தான் அவருக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கிறோம். அவர் வேலையை விட்டு வீட்டிலிருக்கும் காலத்தில் அதே சாப்பாட்டால் நீரிழிவும் வருகிறது. பருப்பும் கடலையும் ஊறவைத்து அவித்துக் கொடுக்கும் காலைச் சாப்பாட்டை, ஒரு தோட்டப் பள்ளியிலாவது கிழமைக்கு ஒருநாள் நம் சங்கம் நடத்தலாம் என்று செயற்குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. செயற்குழுவினர் இங்கேதான் இருக்கிறார்கள், அதனால் மறுபடியும் சொல்கிறேன்.

விரதத்தைப் பற்றி மூத்தோர் கேட்பீர்கள். பகல் முழுதும் ஒன்றும் உண்ணாமல், மாலையில் பாரணை என்று மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையில் உண்பது நீரிழிவுக்காரருக்கு இருபக்கமும் ஆபத்து: பகலில் மயக்கம், இரவில் ஏற்றம். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்க விரும்புவோர் ஒரு மாதம் முந்தியே வைத்தியரிடம் பேசிக்கொள்ளுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

என் சொந்தக் கணக்கைக் கேட்டால், மத்தியானச் சோறு இப்போது பழைய அளவில் மூன்றிலொரு பங்கு. இரவில் இரண்டு இடியப்பமும் நிறையக் கறியும். இதற்கு வர எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது, குறைத்தவர் வைத்தியர். தைப்பொங்கலன்று பொங்கல் சாப்பிடுகிறேன், ஒரு கரண்டி. அக்கா என்னைவிடக் கண்டிப்பு. அவர் அரைக் கரண்டி.

பந்தியில் பரிமாறும் தம்பிமாரிடம் ஒரு விண்ணப்பம். இன்று கீரையும் போஞ்சியும் கடலையும் முதலில் வரட்டும், சோற்றுச் சட்டி அவற்றுக்குப் பின்னே வரட்டும். இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறிப்பவரை, "இன்னும் கொஞ்சம் ஐயா" என்று வற்புறுத்தாதீர்கள். தேநீருக்குச் சீனியை வேறு கிண்ணத்தில் வையுங்கள். சோறு வடித்தாயிற்று என்று பின்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள்.