கதவு திறந்தே இருக்கட்டும்: போட்டிக்குப் போற பிள்ளைகளும் நாம கேட்காத கேள்விகளும்

கோபிசெட்டிபாளையத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு எடுத்திருக்கறது கொஞ்சம் கனமான விஷயம். பக்கத்துல சின்னப் பிள்ளைங்க இருந்தா ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேளுங்க.

நம்ம பக்கம் ஸ்கூல் விளையாட்டுன்னா ரூட் உங்களுக்கே தெரியும். குறுவட்டப் போட்டி, அதுல ஜெயிச்சா வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். விடிகாலையில வேன் கிளம்பும். வெளியூர்ல தங்கணும்னா ஏதாவது ஒரு ஸ்கூல் வகுப்பறையில பெஞ்சை ஓரம் தள்ளிட்டுப் பாயை விரிச்சுக்குவாங்க. ராத்திரி பிள்ளைங்க கூட யார் இருப்பாங்கன்னு வழியனுப்ப வர்ற அம்மா அப்பாகிட்ட கேட்டா, பதில் ஒண்ணுதான்: "அதெல்லாம் சார் பார்த்துக்குவாருங்க."

பெரும்பாலும் சார் பார்த்துக்கவும் செய்யறாரு. கைக்காசு போட்டு டிபன் வாங்கித் தர்ற பி.டி. சாருங்க நம்ம ஊர்ல நிறைய. நான் சொல்ல வர்றது அவங்களைப் பத்தி இல்ல. அந்த ஏற்பாடு முழுக்க ஒரு மனுசனோட நல்ல குணத்தை மட்டும் நம்பி நிக்குது. நாளைக்கு அந்த இடத்துக்கு வேற மாதிரி ஒரு ஆள் வந்தாலும் வேன் அதே மாதிரிதான் கிளம்பும்.

என் வேலையில, எவ்வளவு சீனியரா இருந்தாலும் தனியா கோடை லைவுக்கு அனுப்ப முடியாது. இன்னொருத்தர் பார்த்து ஓகே சொல்லணும். "என்னைச் சந்தேகப்படறீங்களா"ன்னு யாரும் கோவிச்சுக்கறதில்ல. எல்லாருக்கும் ஒரே விதிங்கறதால அதுல அவமானம் இல்ல. பிள்ளைங்க விஷயத்துல மட்டும் அந்தப் பழக்கம் நமக்கு வரல.

இதைப் புரிஞ்சுக்க நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டை எடுத்துக்கலாம். கோல்ஃப். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல 18 குழி மைதானம் இருக்கு (நம்ம கோபி இல்லைங்க, வெறும் செட்டிபாளையம்). ஒரு ரவுண்ட் ஆடி முடிக்கக் குறைஞ்சது நாலு மணி நேரம். மரமும் மேடும் பள்ளமுமா ஏக்கர் கணக்குல விரிஞ்ச இடம். தனிநபர் போட்டியில, ஆட்டக்காரர் தன்னோட கேடி தவிர வேற யார்கிட்டயும் ஆலோசனை கேட்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. ஒரு 12 வயசுப் பிள்ளை கேடி வெச்சு ஆடினா, அந்த நாலு மணி நேரமும் ஆட்டத்தைப் பத்திப் பேசக்கூடிய ஒரே பெரியவர் அந்தப் பையைத் தூக்கறவருதான். கூட ஆடறவங்களும் பிள்ளைங்கதான்.

அதிதி அசோக்குக்கு 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல அப்பா பையைத் தூக்கினார். டோக்கியோவுல அம்மா தூக்கினாங்க, பொண்ணு நாலாவது இடம் வந்தது. எல்லா வீட்டுலயும் அது நடக்காது. அமெச்சூர் போட்டின்னா நடத்தறவங்க பாதிப்பேர் ஆர்வத்துல வர்றவங்க. ஆபீஸ்ல சேரும்போது பின்னணி விசாரிக்கற மாதிரி இங்க விசாரிக்க யாரும் இல்ல.

இது எவ்வளவு தூரம் போகும்கறதுக்கு இன்னொரு விளையாட்டுல, டென்னிஸ்ல, நடந்த வழக்கு இருக்கு. 1990 ஆகஸ்ட், ஹரியானா மாநிலம் பஞ்ச்குலா. ருசிகாங்கற 14 வயசுப் பொண்ணு. மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர், போலீஸ் ஐ.ஜி.யும் அவர்தான். ஸ்பெஷல் கோச்சிங் ஏற்பாடு பண்றேன்னு சொல்லிக் கூப்பிட்டிருந்தார். ருசிகா தோழியோட போனா. அவர் தோழியைப் பார்த்து, போய்க் கோச்சைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டார். ருசிகா தனியா இருந்த அந்த நேரத்துலதான் அத்துமீறல். தோழி திரும்பி வந்து பார்த்ததுதான் பின்னாடி வழக்கோட நேரடி சாட்சி.

புகார் கொடுத்ததுக்கு அப்புறம் ருசிகாவை ஸ்கூல்ல இருந்து நீக்கினாங்க. சகோதரன் மேல வாகனத் திருட்டு வழக்குகள் பாஞ்சது. 1993 டிசம்பர்ல அவ உயிரை மாய்ச்சுக்கிட்டா. 2009ல 6 மாசச் சிறையும் 1,000 ரூபா அபராதமும்னு தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் அது 18 மாசம் ஆச்சு. 2016ல சுப்ரீம் கோர்ட் குற்றத்தை உறுதி பண்ணி, அவர் ஏற்கெனவே சிறையில இருந்த நாளே போதும்னு முடிச்சுது. மொத்தம் 26 வருஷம்.

இதுல நான் திரும்பத் திரும்ப யோசிக்கறது அந்த முதல் காரியத்தைத்தான். அவர் முதல்ல பண்ணினது, கூட இருந்த ஆளை வெளிய அனுப்பினது.

அமெரிக்காவுல சேஃப்ஸ்போர்ட் மையம் வெச்சிருக்கற அடிப்படை விதி இதைத்தான் அடைக்குது. பெரியவரும் பிள்ளையும் தனியா பேசலாம், பயிற்சி எடுக்கலாம். ஆனா அது மத்தவங்க கண்ணுல படணும், யாராவது நடுவுல வந்து நிறுத்தக்கூடியதாவும் இருக்கணும். இதுக்கு பட்ஜெட் வேண்டாம். கதவு திறந்திருந்தா போதும்.

நம்ம ஊருக்கு அதை எப்படிக் கொண்டு வர்றது? வேன்ல ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும்னு போகக் கூடாது. பொண்ணுங்க டீம்னா கூட ஒரு டீச்சரோ ஒரு அம்மாவோ போகணும். தூங்கற அறை தனி. மசாஜ், கட்டு போடறதெல்லாம் இன்னொருத்தர் இருக்கும்போதுதான். மெசேஜ் எல்லாம் பெற்றோரும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல. அப்புறம் முக்கியமா, கோச் இல்லாத வேற ஒருத்தர் நம்பர் பிள்ளைங்க கையில இருக்கணும். பையன்களுக்கும் இதே விதிதான். போக்சோ சட்டம் 18 வயசுக்குக் கீழ எல்லாரையும் பிள்ளைங்கன்னுதான் சொல்லுது, ஆண் பெண் வித்தியாசம் இல்ல.

வேற நம்பர் எதுக்குன்னு கேட்பீங்க. டீம்ல யாரு, சர்டிஃபிகேட் யாருக்குங்கறது கோச் கையில. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு, அரசு வேலையிலயும் இருக்கு. ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தத் தாள்தான் எதிர்காலம். அதைக் கொடுக்கறவரைப் பத்தி அவர்கிட்டயே எப்படிப் புகார் சொல்லும்? 2021 மே மாசம் சென்னையில ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவுல கைதானப்ப, முன்னாடி அவர்கிட்ட பயிற்சி எடுத்தவங்களும் அடுத்தடுத்து புகாரோட வந்தாங்க. அவ்வளவு காலம் அவங்களுக்குச் சொல்ல ஒரு இடம் இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, குற்றம் நடந்தது தெரிஞ்சா போலீஸ்ல சொல்றது கட்டாயம். மறைச்சா 6 மாசம் வரைக்கும் சிறை. நிறுவனப் பொறுப்புல இருக்கறவர் மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். "ஸ்கூல் பேர் கெட்டுரும், உள்ளயே பேசி முடிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா, அதுவே குற்றம்னு எடுத்துச் சொல்லுங்க. சொல்லாம இருந்ததுக்காகப் பிள்ளைங்களுக்குத் தண்டனை கிடையாது. வாக்குமூலம் பிள்ளையோட வீட்டுலயே வாங்கலாம், வர்ற போலீஸ் யூனிஃபார்ம் போட்டிருக்கக் கூடாது, ராத்திரி ஸ்டேஷன்ல உட்கார வைக்கக் கூடாது. பிள்ளை பேரை மீடியாவும் வெளிய விடக் கூடாது.

2025ல வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்துல பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. நல்லதுதான். டெல்லியில இருந்து அது நம்ம குறுவட்டப் போட்டி வரைக்கும் வந்து சேர்ற வரைக்கும் வேன் காத்திருக்காது.

அதனால உங்க அக்கா பையனோ தங்கச்சியோ போட்டிக்குக் கிளம்பினா, சார்கிட்ட மரியாதையா மூணு கேள்வி கேளுங்க: எங்க தங்கறாங்க, கூட ரெண்டாவது பெரியவர் யாரு, பிரச்சினைன்னா உங்களைத் தவிர யாரைக் கூப்பிடணும்? நல்ல சார் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார். நாளைக்கு அவர் மேல வீண்பழி வந்தா அவரைக் காப்பாத்தறதும் இதே ஏற்பாடுதான்.

குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைங்க மனப்பாடமா சொல்ற வரைக்கும் சொல்லிக் கொடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க.