ஞாயிற்றுக்கிழமை அண்ணன்

பட்டம் பெற வந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் பட்டத்தைப் பாராட்டி அரைமணி நேரம் பேசுவது மரபுதான். பசிவேளையில் அது ஜீவகாருண்யம் ஆகாது.

பொதுப்பணித் துறையில் 35 ஆண்டுகள் மதகும் கட்டடமும் கட்டிக் காலந்தள்ளியவன் நான். கான்கிரீட் போடுகிற நாளன்று பூஜையும் இனிப்பும் அதிகாரிகளின் வருகையுமாக அமர்க்களப்படும். மறுநாள் தொடங்கி ஏழு நாளாவது சாக்கை நனைத்துப் போட்டு விடாமல் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு மட்டும் ஆள் அகப்படாது. தளத்தின் பலம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று மேஸ்திரிகளிடம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது. பிறந்தநாள் கேக்கோடு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களைக் காணும்போதும் எனக்கு அந்தக் காய்ந்த சாக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒருநாள் கேக்கோடு நிற்காமல் பிள்ளைகளுக்குத் துணை நிற்கச் சொன்னவரும் உண்டு. 1904-ஆம் ஆண்டில், நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னெஸ்ட் கோல்ட்டர் என்பவர், நாள்தோறும் தம் கண்ணெதிரே குற்றவாளிகளாக வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்து, ஒரு தேவாலயத்து ஆடவர் சங்கத்தாரிடம் ஆளுக்கொரு பையனுக்குத் துணையாயிருங்கள் என்று வேண்டிக்கொள்ள, சுமார் 40 பேர் முன்வந்தார்கள். அண்ணன்மார் என்ற பொருளில் 'பிக் பிரதர்ஸ்' என்று அந்த இயக்கத்துக்குப் பெயர் அமைந்தது. அந்தப் பெயரை முதன்முதல் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது; காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டு படிக்கையில், அறைத்தோழன் ஒருவனுடைய தூண்டுதலால், ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஓர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் மாலையில் போகலானேன். பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லித்தருவதாக ஏற்பாடு. பின்னம் அவனுக்கு வேப்பங்காய். ஒருநாள் என் சைக்கிள் பஞ்சராகிவிட, டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தித் திருப்பிக்கொண்டிருந்தேன், குமிழி கிளம்பிய இடத்தில் சட்டென்று விரலை வைத்து, "அண்ணா, இங்கதான்!" என்று கூவினான் பாருங்கள், அன்று முதல் கணக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் உள்ளே நுழைந்ததும், காற்று இறங்கியிருக்கக் கூடாதா என்ற ஆவலோடு இரண்டு சக்கரத்தையும் அழுத்திப் பார்ப்பான்.

பரீட்சை வந்தது. "அடுத்த வாரம் வரேன்டா" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்கு மாதம் போகவில்லை. பரீட்சை முடிந்த பிறகு வெட்கம் தடுத்தது. ஒருவழியாகப் போனபோது, ஐந்தாறு ஞாயிறு அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சமையற்கார அம்மாள் சொன்னார். அவனைக் கூப்பிட்டார்கள். வந்து நின்று, "வாங்க சார்" என்றான். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இப்படித் துணையாயிருப்பதன் பலனை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த அண்ணன்மார் இயக்கத்தைச் சேர்ந்த 959 பிள்ளைகளை வைத்து நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, துணை கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடத் தொடங்குவது மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவாயிருந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவதும் ஏறக்குறையப் பாதியாயிற்று. அதே பிள்ளைகளைப் பற்றி 2002-இல் வந்த இன்னொரு கட்டுரை, ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளே பெரும்பயன் தந்தன என்றும், மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில் குழந்தையின் சுயமதிப்பு முன்னிருந்ததைவிடத் தாழ்ந்தது என்றும் கண்டது. பல்லாண்டுக்கு முந்திய அந்தச் 'சார்' என்ற சொல்லுக்குக் கடல் கடந்து அத்தாட்சி வந்தது போலிருந்தது எனக்கு.

நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் உங்களில் சிலர் மாலைவேளைகளில் பாடம் சொல்லித்தந்திருக்கலாம், நல்ல காரியம். அதில் ஒருவரிடம் சுமார் இருபது பிள்ளைகள். நான் கேட்பது ஒரே ஒரு குழந்தை, வாரத்துக்கு ஒரு மணி நேரம். குழந்தை இருக்கும் இல்லத்தின் அல்லது பள்ளியின் அனுமதியோடு, பெரியவர்கள் பார்வையில், அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள். பாண்டித்தியம் வேண்டாம், பணமும் வேண்டாம்.

உத்தியோகத்துக்காக எந்த ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. ஆகையால் ஊர் நிலைப்படட்டும், காத்திருங்கள். நிலைப்பட்ட பிறகு ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு போங்கள். ஓராண்டு முழுதும் அந்தக் கிழமையில் வர இயலாதென்று தோன்றினால், தயவுசெய்து தொடங்காதீர்கள்.