கடற்கரை இல்லாத ஊருக்கு ஒரு நடைபாதை

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தின் ஐந்தாவது பொருள், நம் வளாகத்தின் உட்சாலையில் வடக்குப் பக்கத்தை முழுவதும் கார் நிறுத்துமிடமாக மாற்றுவது. ஓட்டெடுப்புக்கு முன்னால், சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் நான் தினமும் போய்வந்த கடற்கரைப் பாதையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். ஆம்பூர் கார் பார்க்கிங்குக்கும் சிங்கப்பூர்க் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

சிங்கப்பூர் ஒரு சின்னத் தீவு. அதன் தென்கிழக்குக் கரையில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் என்று ஒரு பூங்கா. நீளம் சுமார் 15 கி.மீ., பரப்பு 185 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 457 ஏக்கர். வேலூர்க் கோட்டையைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்தக் கரை இயற்கையாக அமைந்ததல்ல. கடலை மண் கொட்டித் தூர்த்து, 1970களில் உருவாக்கியது. தூர்த்த நிலத்தில் அடுக்குமாடி வீடு கட்டினார்கள், விரைவுச் சாலை போட்டார்கள். ஆனால் கடலை ஒட்டிய பட்டையை மட்டும் ஜனங்கள் நடக்கவும் ஓடவும் என்று விட்டுவைத்தார்கள். ஓர் அடி நிலத்துக்கும் தவிக்கிற நாடு அது. அங்கேயே விட்டுவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அங்கே எல்லா வயதினரும் ஓடுகிறார்கள். நம்மைவிட வயதானவர்கள் அரைக்கை சட்டையோடு நிதானமாக ஜாகிங் போகிறார்கள். காரணம் கடல் காற்று மட்டுமல்ல, ஏற்பாடு. நடப்பவருக்கு ஒரு பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. பின்னால் மணி அடித்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதி இருந்தால்தான் முழங்கால் வலி உள்ளவர் ஓட நினைப்பார். வழி நெடுக மரங்களின் நிழல். ஆங்காங்கே கழிப்பறை, குடிநீர், உட்கார பெஞ்ச். குடியிருப்புப் பக்கமிருந்து பூங்காவுக்கு வர விரைவுச் சாலைக்கு அடியில் சுரங்கப் பாதைகள். கடலுக்குள் 250 மீட்டர் நீளும் பெடோக் படகுத்துறை ஒன்று இருக்கிறது. அதுவரை ஓடி, தூண்டில் போடுகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவது பலருக்கு வழக்கம்.

இதோடு நிற்கவில்லை. தீவின் மேற்கிலிருந்து வடகிழக்குக் கரை வரை 36 கி.மீ. நடைவழி ஒன்றை 2019இல் திறந்தார்கள். தீவையே சுற்றிவர சுமார் 150 கி.மீ. பாதை கட்டம் கட்டமாக அமைகிறது. நாம் அவ்வளவு ஓட வேண்டாம், ஊக்கத்துக்காகச் சொன்னேன்.

வெயில் விஷயத்தில் ஒரு வித்தியாசம். நம் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே பகலில் 31, 32தான். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். அதனால் அங்கே 32 டிகிரியிலேயே ஓடுபவருக்கு மூச்சு வாங்குகிறது. நமக்குச் சிக்கல் வேறு மாதிரி. கோடையில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போயிற்று என்றே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் குடிக்க வேண்டும். அங்கே வருஷம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணி வாக்கில் உதித்து, மாலை ஏழு மணி வாக்கில் மறைகிறது. அதனால் ஆறு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிறார்கள். விளக்கு இல்லாவிட்டால் அந்தப் பாதைக்குப் பாதி உபயோகம்தான்.

இன்னொரு தீவு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது: ராமேஸ்வரம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி வழியாக, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கடல். அழகில் சிங்கப்பூரை மிஞ்சும். ஆனால் அந்த வழியில் ஒதுங்க மர நிழல் கிடையாது. அது வாகனங்கள் போகிற நெடுஞ்சாலை. ஓடுபவருக்கு என்று ஒதுக்கிய இடம் அல்ல. காட்சி மட்டும் போதாது, நடப்பவரை மனதில் வைத்து யாராவது முடிவெடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது தீவு இலங்கை. கொழும்பில் காலி முகத்திடல் என்று கடலோரப் புல்வெளி இருக்கிறது. ஆங்கிலேய ஆளுநர் ஹென்றி வார்டு 1859இல் அங்கே நடைபாதையை முடித்தபோது ஒரு கல்வெட்டும் நட்டார். கொழும்பு நகரப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக இதைத் தமக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைப்பதாக அதில் பொறித்திருக்கிறது. அது நகரத்தின் மையப் பகுதி. சுற்றிலும் பெரிய ஹோட்டல்கள் வந்துவிட்டன. ஆனாலும் 160 வருஷத்துக்கு மேலாகத் திடல் திடலாகவே இருக்கிறது. மாலையில் குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஆம்பூரில் ஓட எங்கே போவது? பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிக்கு நடுவே முடியாது. கோட்டைப் பூங்காவுக்கு வேலூர் போய்வர அரை நாள். பாலாற்றங்கரை ஒரு காலத்தில் நடக்க உகந்த இடம். இன்று மணலும் முள்ளும் கழிவுநீருமாகக் கிடக்கிறது. தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், கேடு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பகுதியே சாட்சி.

ஆக, நமக்கு மிஞ்சியிருப்பது இந்த உட்சாலை. நாடா பிடித்து அளந்தேன். ஒரு சுற்று 335 மீட்டர். மூன்று சுற்று போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் அதிகம். காலையில் ஓய்வு பெற்றவர்கள் நடக்கிறோம். மாலையில் ஷூ கம்பெனி வேலை முடித்து பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்த முதுகை நிமிர்த்த நான்கு சுற்று போகிறார்கள். அவர்கள் இருட்டிய பிறகு கேட்டுக்கு வெளியே போய் நடக்க முடியுமா? நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகை முடித்து வருகிறவர்கள் இரவில் நடக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் பழகுவதும் இங்கேதான். வடக்குப் பக்கத்தை அடைத்துவிட்டால் சுற்று அறுந்துவிடும். அதன் பிறகு அது வெறும் போக்குவரத்துச் சந்து.

கார் வைத்திருப்பவர்களுக்கு நான் எதிரி அல்ல. இடம் போதவில்லை என்பதும் உண்மை. அதனால் என் யோசனை இது. வடக்குப் பக்கத்தில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை கார் நிற்கட்டும். மற்ற நேரம் காலியாக இருக்கட்டும். பகலில் நிறுத்த வேண்டியவர்களுக்குக் கிழக்குச் சுவரோரம் கோடு போட்டுக் கொடுப்போம். எரியாத மூன்று விளக்கை மாற்றுவோம். இரண்டு பெஞ்ச், ஒரு குடிநீர்க் குழாய், சுவரோரம் பத்து வேப்பங்கன்று, நூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு. மெயின்டனன்ஸ் நிதியிலேயே அடங்கும் செலவு.

ஓட விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஐந்து நாள், அரை அரை மணி என்று வகுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும்; முடியவில்லை என்றால் வேகம் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் வேண்டாம். திரும்பியதும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள், சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். தோல் ஷூவின் அருமை நமக்குத் தெரியும், ஆனால் அது ஓடுவதற்கல்ல. துணியும் மெத்தை அடியும் உள்ள ஷூ வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள்.

நண்பர்களே, நமக்குக் கடல் கிடையாது. 335 மீட்டர் சுற்று இருக்கிறது. காருக்கு வேறு இடம் தேடலாம். நடக்கிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு இடம் இல்லை. ஐந்தாவது பொருளை நான் சொன்ன திருத்தத்தோடு ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கை தூக்கலாம்.