உள்ளே மாறட்டும், முகம் இருக்கட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: கணினித் திரையால் அச்சுக்கலை வாழுமா? வீழுமா? ஓசூரில் நடந்த பட்டிமன்றத்தில் 'வாழும்' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கணினியும் கையுமாக வந்து அமர்ந்திருக்கிற எதிரணி அறிஞர்களே! என் அணித் தோழர்களே! ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டிய நேரத்திலும் தமிழ் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிற ஓசூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

ஓசூரில் பேசுவதென்றால் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏன்னா, இந்த ஊர்க்காரங்க தமிழ்ல நினைச்சு, தெலுங்குல விலை கேட்டு, கன்னடத்துல பேரம் பேசி, இங்கிலீஷ்ல பில் வாங்கிட்டு வருவாங்க! (சிரிப்பு) ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள்ளே போனால் பலகையில் எழுத்து மாறிவிடும். சாலை என்னவோ அதே சாலைதான். எழுத்தின் அருமை எல்லையில் வாழ்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தத் தலைப்பை இந்த மண்ணிலே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எதிரணியிலே முதலில் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "கல்யாணப் பத்திரிகையே வாட்ஸ்அப்பில் வருது, இனி அச்சகம் எதுக்கு?" என்று கேட்டார். வருது ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனா, தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, "குடும்பத்தோட வந்துடணும்"னு கையில் கொடுக்கிறோமே, அதுக்கு என்ன செய்வீங்க? செல்போனுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நீட்டுவீங்களா? (சிரிப்பு) முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைக்கிறோம். முனியப்பனுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு, நீலக்கோடு ரெண்டு விழுந்துச்சான்னு பார்த்துக்கிட்டு நிற்பீங்களா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிப்புக்குச் சொல்லவில்லை நடுவர் அவர்களே. செய்தி வேறு, பொருள் வேறு. "முகூர்த்தம் ஆறு மணிக்கு" என்பது செய்தி. அது காற்றிலே போகும். "நீ வந்தால்தான் எனக்குக் கல்யாணம்" என்பது உறவு. அதுக்குக் கையில் பிடிக்க ஒரு பொருள் வேணும்.

அடுத்துப் பேசிய அம்மையார் ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார். "1768-ல் தொடங்கிய பிரிட்டானிகா கலைக்களஞ்சியம், 244 ஆண்டு கழித்து 2012-ல் அச்சுக்கே முழுக்குப் போட்டுவிட்டதே!" என்றார். உண்மைதான் அம்மா. டெலிபோன் டைரக்டரி போச்சு. ரயில் அட்டவணையும் கைபேசிக்குள்ளே போச்சு. நாளைக்கே மாறுகிற தகவல், தேடி எடுக்கிற தகவல் எல்லாம் திரைக்குப் போகட்டும். அதுதான் அதுக்கு இடம். அதை வைத்து அச்சே செத்துப் போச்சு என்று சொன்னால், நான் உங்களை இந்த ஊரிலிருக்கிற ஒரு சாட்சியிடம் கூட்டிக்கொண்டு போவேன்.

அந்தச் சாட்சி யார்? உங்கள் ஊர்க் கைக்கடிகாரம்!

கொஞ்சம் கவனியுங்கள். 1969-ல் ஜப்பானில் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே சாவி கொடுக்கிற சுருள்வில் போய், பேட்டரி வந்தது. வெளியே அதே முள்தான். 1972-ல் அமெரிக்காவில் பல்சர் என்று ஒன்று வந்தது. முள்ளே கிடையாது, வெறும் எண்கள் சிவப்பாக எரியும். அதிலும் ஒரு வேடிக்கை, மணி பார்க்கணும்னா பொத்தானை அமுக்கணும். ஒரு கையில கட்டிக்கணும், இன்னொரு கையால அமுக்கணும். ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டுச் சந்தையிலிருந்து வர்ற மனுஷன் மணி பார்க்க என்ன செய்வான்? (சிரிப்பு) அப்புறம் மலிவான டிஜிட்டல் கடிகாரங்கள் உலகமெல்லாம் வந்து குவிந்தன. "முள் கடிகாரத்தின் காலம் முடிந்தது" என்று பேசினார்கள். இன்றைக்கு நம் எதிரணி பேசுகிற அதே பேச்சு!

அந்த நேரத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில், 1961 முதல் கடிகாரம் செய்த எச்.எம்.டி., சாவி கொடுக்கிற கடிகாரத்தையே பெரிதும் நம்பியிருந்தது. நம் அப்பா, மாமா கையிலெல்லாம் கட்டிய கம்பெனி. 2016-ல் அதன் கடிகாரப் பிரிவை மூட முடிவெடுத்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், 1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை அமைத்தார்கள். அவர்கள் உள்ளே குவார்ட்ஸை வைத்தார்கள், வெளியே முள்ளை வைத்தார்கள். அதற்கு ஓர் அழகான முகமும் கொடுத்தார்கள். 2002-ல் இதே ஓசூரிலிருந்து வந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் கனம் மொத்தமே 3.5 மில்லிமீட்டர்! (கைதட்டல்) இந்தக் கைதட்டல் அதைச் செய்த கைகளுக்கு.

இன்னொன்று பாருங்கள். இப்போது எல்லார் கையிலும் ஸ்மார்ட் வாட்ச். முழுக்க முழுக்கத் திரை. அந்தத் திரையிலே எத்தனையோ பேர் எதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்? ரெண்டு முள் ஓடுகிற படத்தை! முள்ளைக் கொல்ல வந்த திரை, முள்ளுக்கே வேஷம் கட்டி ஆடுகிறது. ஏன்? கண் பழகிய முகம் அது. பார்த்த மாத்திரத்தில் "இன்னும் கால் மணி நேரம் இருக்கு" என்று கண் அளந்து சொல்கிறது.

நடுவர் அவர்களே, இதுதான் என் கட்சி. உள்ளே மாறணும், முகத்தை விடக்கூடாது. உள்ளே மாற மறுத்தால் மூடவேண்டியதுதான். முகத்தை விட்டுவிட்டால் மறந்துவிடுவார்கள். அச்சுக்கும் இதுதான் விதி.

அச்சு மாறினதே இல்லையா? எனக்குப் பிடித்த வடிவமைப்பு எது என்று கேட்டால் நான் ஒரு புள்ளியைக் காட்டுவேன். ஆமாம், மெய்யெழுத்தின் தலையிலே நிற்கிற அந்தப் புள்ளி! ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலையில் ஓட்டை விழும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது, ஓலை வீணாகுமே! படிக்கிறவன்தான் பிரித்துப் புரிந்துகொள்ளணும். அச்சு வந்தது. புள்ளி நிலைத்தது. சொற்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தள்ளி நின்றன. ஓலை படிக்கத் தெரிந்த சிலரிடம் இருந்த தமிழ், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு வந்தது. அன்றைக்கு "ஓலை போச்சே" என்று அழுதவன் இருந்திருப்பான். ஓலை போனது, தமிழ் போகவில்லை. உள்ளே பொருள் மாறியது. எழுத்தின் முகம் இன்னும் தெளிவானது.

தரங்கம்பாடிக்கு வாருங்கள். 1713 வாக்கில் சீகன்பால்கு அச்சுக்கூடம் நடத்துகிறார். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து ரொம்பப் பெரிது. தாளோ தட்டுப்பாடு. என்ன செய்தார்கள்? சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. பற்றாக்குறையிலிருந்து ஒரு வடிவமைப்பு பிறந்தது.

லையும் ளையும் ஒரு காலத்தில் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். இங்கே வந்திருக்கிற பாட்டிமார்களைக் கேளுங்கள், எழுதிக் காட்டுவார்கள். பெரியார் 1935-லேயே தம் ஏட்டில் அதை மாற்றினார். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 13 எழுத்துகளுக்கு அந்தச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது. அச்சுக்கோப்பவர் தேடி எடுக்க வேண்டிய தனி அச்சு குறைந்தது, தட்டச்சும் எளிதானது. தமிழ் குறைந்து போச்சா? இல்லையே!

உங்கள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா? அங்கே நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனின் உருவம். அவன் கையில் ஆயுதம். பக்கத்திலே வட்டெழுத்தில் நாலு வரி: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார், எதற்காக இறந்தான். படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்குகிற அமைப்பு! இன்றைக்கு நம் வீதியில் பார்க்கிற ஃப்ளெக்ஸ் பேனரில் அந்த அடக்கம் உண்டா? அறுபது முகம், ஆறு நிறம். நடுவிலே இடம் பத்தவில்லை என்று தமிழ் எழுத்தை ரப்பர் மாதிரி இழுத்து, சப்பாத்தி மாதிரி தட்டி வைத்திருப்பான்! (சிரிப்பு) இதைக் கணினி செய்யச் சொன்னதா? மனுஷன் செய்தது. கருவியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

"திரை தாளைக் கொன்றது" என்று சொன்னீர்களே, திரை தாளைக் காப்பாற்றிய கதை ஒன்று சொல்லட்டுமா? செட்டிநாட்டில் கோட்டையூர். ரோஜா முத்தையா என்று ஒருவர். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. எழுத்தின் அழகு தெரிந்த கை. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று ஊரார் எடைக்குப் போட்டதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் மறைந்தார். அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. கரையான் தின்ன இருந்த பக்கங்களை முதலில் நுண்படச் சுருளாக்கினார்கள், பிறகு கணினியில் ஏற்றினார்கள். அன்றைய நாடக நோட்டீஸில் எழுத்து எப்படி வளைந்தது என்று இன்றைய வடிவமைப்பாளன் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிகிறது. இதைக் கொலை என்பீர்களா, வைத்தியம் என்பீர்களா? (கைதட்டல்)

தொழிலுக்கு வருகிறேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். தேதி எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. ஆனாலும் விடிஞ்சதும் தாளைக் கிழிச்சு, ராகுகாலம் பார்த்து, பின்பக்கம் பால் கணக்கு எழுதினால்தான் நம் வீட்டம்மாவுக்கு அன்றைக்குப் பொழுது விடியும்! (சிரிப்பு) கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டின்னிலே அடைத்துக் கடல் தாண்டிப் போகிறது. பழத்தின் பேர் பெங்களூரா, விளைவது கிருஷ்ணகிரியில்! அந்த டின்னைச் சுற்றி ஒரு லேபிள் வேணுமே, அட்டைப்பெட்டி வேணுமே, அதை வாட்ஸ்அப்பிலா ஒட்டுவீர்கள்? உங்கள் திம்ஜேப்பள்ளி பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உடற்கூடு செய்கிறார்கள். அந்த ஐபோனும் அச்சடித்த அழகான பெட்டிக்குள்ளேதான் கடைக்கு வருகிறது!

புத்தகத்துக்கு வருவோம். ஆஃப்செட்டில் தகடு செய்கிற செலவு நூறு பிரதிக்கும் அதேதான், ஆயிரம் பிரதிக்கும் அதேதான். அதனால் ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படியாகும். விற்காத புத்தகம் பதிப்பாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்கும். இப்போது டிஜிட்டல் அச்சில் தகடே வேண்டாம். ஐம்பது வேண்டுமா, ஐம்பது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் தன் ஊர் வரலாற்றை எழுதினால், கடன் வாங்காமல் புத்தகம் போடலாம். கணினி அச்சைக் கொல்லவில்லை, ஏழை எழுத்தாளனுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பவர்கள் எத்தனையோ பேருக்கு வேலை போனது. அந்த வேதனை உண்மை. அதற்கு மருந்து கணினியை நிறுத்துவது இல்லை, அந்தக் கைக்குப் புதிய வேலை கற்றுக்கொடுப்பது. வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி, ஓரம் எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரிந்தது இன்றைய மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. 2018 முதல் வந்த நம் அரசுப் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாடத்தின் ஓரத்தில் சதுரமாக ஒரு க்யூ.ஆர். குறி இருக்கும். கைபேசியைக் காட்டினால் காணொளி ஓடும். வசதி இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் பக்கத்தைப் படி! 2020 ஊரடங்கில் என்ன ஆச்சு? வகுப்பெல்லாம் திரைக்குப் போனபோது, மலைக்கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கும் மரத்துக்கும் அலைந்தார்கள். ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அரசு கொடுத்த அந்தப் பாடப்புத்தகத்துக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை. அக்கா படித்ததைத் தம்பியும் படித்தான். அச்சு வீழட்டும் என்று சொல்கிறவர்கள், அந்தத் தம்பியின் கையில் இருப்பதைப் பிடுங்குகிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள்.

ஆகவே நடுவர் அவர்களே! ஓலைக்குள்ளே இருந்த தமிழ் தாளுக்கு வந்து வளர்ந்தது. தாளில் வளர்ந்த அச்சு, திரையின் துணையோடு இன்னும் வளரும். மாற வேண்டியது இயந்திரம். காக்க வேண்டியது எழுத்தின் முகம். அடுத்த முறை பத்திரிகை அடிக்கப் போகும்போது, "எழுத்தை இழுக்காதீங்க, படிக்கிற மாதிரி வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் தாய்மார்களே, அச்சுக்கலை தானாக வாழும். உள்ளே மின்சாரம் ஓடினாலும் வெளியே முள்ளோடு நிற்கிற ஓசூர்க் கடிகாரத்தைச் சாட்சியாக வைத்து, கணினித் திரையால் அச்சுக்கலை வாழும், வாழும், வாழும் என்றே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)