இரண்டு கார்களும் ஒரு வளைவும்



நான் சிறுவனாக இருந்தபோது, கிள்ளான் வட்டாரத்திலிருந்த எங்கள் தோட்டத்தில் இரண்டு பழைய கார்கள் ஓடின. தலைமையாசிரியரிடம் மோரிஸ் மைனர். பெரிய கிராணியாரிடம் வண்டுபோல் முதுகு வளைந்த வோக்ஸ்வேகன். எது சிறந்தது என்று பையன்கள் நாங்கள் வாதிடாத நாளில்லை.

மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அகலம் கூடியதால் வளைவில் வண்டியின் நிலைப்பும் கூடியது. வோக்ஸ்வேகன், ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே உருவாக்கியது.

1962-க்குப் பிந்திய மைனரின் எஞ்சின் 1098 சி.சி., 48 குதிரை ஆற்றல். அக்காலத்து வோக்ஸ்வேகன் 1200-க்கு 34. ஆயினும் உச்ச வேகத்தில் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் எஞ்சின் இருக்கும் இடத்தில்தான். மைனருக்கு அது முன்னால், வோக்ஸ்வேகனுக்குப் பின்னால். இரண்டிலும் வண்டியைத் தள்ளுபவை பின்சக்கரங்களே. ஆகவே செம்மண் சேற்றில் மைனரின் சக்கரம் வழுக்கிச் சுழலும். வோக்ஸ்வேகனோ, பாரம் அழுத்துவதால் ஏறிப் போய்விடும். அதற்கு ரேடியேட்டரும் இல்லை. தண்ணீர் கொதிக்கும் தொல்லையும் இல்லை.

ஆனால், ஒரு மழைநாள் மாலை நடந்தது வேறு. கிராணியார் வளைவில் வேகமாகத் திரும்பினார். எதிரே பள்ளிப் பிள்ளைகள். பதறிப்போய் எண்ணெய் மிதியிலிருந்து சட்டென்று காலை எடுத்தார். காரின் பின்பக்கம் வெளியே வீசி, கால்வாயில் இறங்கியது. பிள்ளைகள் தப்பினோம். ஆம், அவர்களில் நானும் ஒருவன்.

பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் வேலை செய்த என் மாமா பிறகு விளக்கினார்: "தோளில் கம்பு வைத்துப் பால் வாளிகளைத் தூக்கிப் போகிறாய். பின்வாளி மட்டும் நிறைந்திருக்கிறது. ஓடிக்கொண்டே திரும்பும்போது சட்டென்று நின்றால் என்ன ஆகும்? பின்வாளி உன்னையே சுழற்றிவிடும். அதுதான் நடந்தது."

மைனருக்கு அந்தக் குணம் குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சொன்ன சொல் கேட்கும். ஆனாலும், மைனர் விழாது என்று எண்ணிவிடாதீர்கள். வேகம் இருமடங்கானால், வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். இந்தக் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றே.

இன்று நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பெற்றோர்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: வேகத்தை வளைவுக்கு முன்பே குறை, வளைவுக்குள் பதறிப் பிரேக் பிடிக்காதே. எந்த வண்டி சிறந்தது என்பதைவிட, தன் வண்டியின் குணத்தை அறிந்து ஓட்டுவதே சிறப்பு.