வெடித்த விண்மீன் சொல்லும் செய்தி



கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கல்வியின் பெருமையை இந்த அவைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து பறித்த கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் அதனை என்னினும் நன்கறிவர். ஆகவே, வானத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல விழைகின்றேன்.

உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்திற்கு நிற்கும் வானொலித் தொலைநோக்கியை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1970ஆம் ஆண்டில் அமைந்த அது, விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஏற்கிறது. அவ்வலைகள் மேகத்தையும் மூடுபனியையும் கடந்து தரைக்கு வந்துவிடும். ஆனால் விண்ணின் எக்ஸ் கதிர்களோ தரையை எட்டுவதில்லை; காற்று மண்டலம் அவற்றை உறிஞ்சிவிடுகிறது. ஆதலின் அவற்றைக் காணத் தொலைநோக்கியையே விண்ணுக்கு ஏற்ற வேண்டியுள்ளது.

அங்கே காண என்ன இருக்கிறது? சூரியனைவிடப் பன்மடங்கு எடையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் தன் மையம் இடிந்து வெடித்துச் சிதறுகிறது. இதனைச் சூப்பர்நோவா என்பர். சிதறிய பொருள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து மோதி, கோடிக்கணக்கான டிகிரி வெப்பமடைந்து, எக்ஸ் கதிராக ஒளிர்கிறது. ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள காசியோப்பியா ஏ அத்தகைய எச்சம். அவ்வெடிப்பின் ஒளி புவியை அடைந்து 350 ஆண்டு அளவே ஆகிறது. விண்ணின் கணக்கில் அது பச்சிளங் குழந்தை.

எக்ஸ் கதிர் ஆடியில் நேராக விழுந்தால் உள்ளே புகுந்து மறைந்துவிடும். குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டுச்சில் தத்திச் செல்வதுபோல், மிகச் சாய்வாகப் பட்டால் மட்டுமே திரும்பும். அம்முறையில் ஆடிகள் அமைத்த சந்திரா தொலைநோக்கி, 1999இல் விண்ணேறியதும் வெளியிட்ட முதற்படமே காசியோப்பியா ஏ. ஒவ்வொரு தனிமத்திற்கும் தனித்தனி நிறமாலைக் கோடு உண்டு. அதைக் கொண்டு, அங்குள்ள இரும்பு மட்டும் 70,000 புவிகளின் எடைக்கு நிகர் எனக் கணித்தனர். நம் நாடு 2024 சனவரி 1ஆம் நாள் ஏவிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோளும் அதே எச்சத்தை நோக்கி, சிலிக்கன், கந்தகம், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகளைப் பதிவு செய்தது.

சந்திரா என்பது யார் பெயர்? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர். 1930இல், தம் 19ஆம் வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்தடங்கிய விண்மீன் தன் எடையைத் தாங்கி நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பதே பின்னர் தெளிந்த முடிவு. 1935இல் இலண்டன் அவையில், உலகமே போற்றிய அறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். இளைஞர் தம் கணக்கைக் கைவிடவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. பெருவிண்மீனின் இரும்பு மையம் அவ்வெல்லையைக் கடக்கும்போதே இடிகிறது. அவர் பெயர் தாங்கிய கருவியின் முதற்படத்தின் நடுவே தெரிந்த ஒளிப்புள்ளி, அப்படி இடிந்த மையத்தின் மிச்சமே என அறிஞர் கருதுகின்றனர்.

இளைஞர்களே, நான் படித்தது பி.ஏ. வரலாறு. “கணக்கு உனக்கெல்லாம் வராது” என்று சிறுவயதில் ஒருவர் சொன்னார், நான் நம்பிவிட்டேன். வரலாறு எனக்குச் சோறிட்டது, குறையில்லை. ஆயினும், அன்று ஒரு கணக்கையேனும் போட்டுப் பார்த்துவிட்டு நம்பியிருக்கலாமே என்று இந்த வயதிலும் நினைக்கின்றேன். பத்தாம் வகுப்பில் தேறிய நம் பிள்ளைகள் சிலர் இன்றும் அதே சொல்லுக்கு அஞ்சி அறிவியல் பிரிவை ஒதுக்குகின்றனர். சொன்னவர் பெரியவரா என்று பாராதீர்கள். கணக்கு சரியா என்று பாருங்கள்.

பட்டம் பெற்ற நம் இளைஞர் இருவர், வாரம் இரண்டு மாலை இக்கட்டடத்தில் கணக்குப் பாடம் சொல்லித்தர முன்வர வேண்டும். முன்வரிசையில் மாணவனாக அமர நான் வருகின்றேன்.