உழைப்பை அறிவோம், இடரிலும் எழுவோம்



திருக்குறளில் 'ஆள்வினையுடைமை' என்னும் 62ஆம் அதிகாரத்தை அடுத்து 'இடுக்கண் அழியாமை' என்னும் 63ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. முன்னது முயற்சியைப் பேசுகிறது. பின்னது துன்பம் வந்தபோது கலங்காமையைப் பேசுகிறது. இவ்விரண்டும் அருகருகே நிற்பது மிகப் பொருத்தமானது. ஏனெனில், அன்றாடம் உழைத்து வாழ்வோரே இடரைத் தாங்கி எழுவதிலும் தேர்ந்தவர்கள். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் இருநூறு ஆண்டு வரலாறே போதும்.

முதலில் அவர்களின் உழைப்பை அறிந்துகொள்வோம். கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன் எழுந்து, லயத்து அறையில் சமைத்து, பிள்ளைகளை ஒழுங்கு செய்துவிட்டுப் பெரட்டுக் களத்துக்குச் செல்கிறார். பின்னர் செங்குத்தான சரிவில், மழையிலும் பனியிலும், அட்டைக் கடியிலும் நின்று, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துப் பறிக்கிறார். முற்றிய இலை சேர்ந்தால் தேயிலையின் தரம் கெடும். இளந்தளிரைச் சிதைத்தால் செடி கெடும். கண்ணும் விரலும் ஒருங்கே இயங்க வேண்டிய தேர்ந்த தொழில் அது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 கிலோ பறித்தால்தான் 'முழுப்பேர்'. குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதி நாட்கூலி.

ஒரு சிறு கணக்கு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். எனவே 18 கிலோ கொழுந்து 4 கிலோ தூளாகும். கோப்பைக்கு 2 கிராம் வீதம் கொண்டால், அது 2,000 கோப்பைத் தேநீர்! ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பில் ஒரு சிற்றூரே தேநீர் அருந்துகிறது. அருந்துவோருள் எத்தனை பேர் அந்தக் கைகளை நினைக்கிறோம்?

அக்கைகள் கடந்துவந்த இடர்கள் ஒன்றிரண்டல்ல. 1820களில் தொடங்கி, தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி அடர்ந்த காடுகளின் வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொன்றன. எஞ்சியோர் காப்பித் தோட்டங்களை உருவாக்கினர். 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அத்தொழில் அழிந்தது. ஸ்காட்லாந்தியரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் பட்டுப்போன காப்பிச் செடிகளைப் பிடுங்கி, மலை மலையாகத் தேயிலை நட்ட கைகளின் பெயர்களை எந்த நூலும் கூறவில்லை.

எனினும் இயற்கை தந்த இடரினும் அரசு தந்த இடர் கொடியது. 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தோட்டத்தில் பிறந்து எழுத்தாளராக உயர்ந்து, மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களாயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தோளில் சுமந்தவர்களுக்கு அந்நாட்டில் இடமில்லை என்றது சட்டம்!

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டு அரசுகளும் அம்மக்களை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்றன. 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தன. உடன்பிறந்தோர் கடலின் இரு கரைகளில் பிரிந்தனர். தமிழ்நாடு வந்தவர்களுள் பலர் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலைச் செடிகளிடையே வாழ்வைத் தொடங்கினர்.

இத்தனைக்குப் பின்னும் அச்சமூகம் எவ்வாறு எழுந்தது? பொறுமை என்பது கைகட்டி நிற்பதன்று என்பதை அது உணர்ந்திருந்தது. 1930களிலேயே கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினர். மீனாட்சி அம்மை பாடல்களாலேயே அவர்களை விழிக்கச் செய்தார். 1952இல் வாக்குரிமை வேண்டிக் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. அது உடனே வெல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1977இல், சௌமியமூர்த்தி தொண்டமான் மக்கள் வாக்கால் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்தார். 1984இல் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி கிடைத்தது. 2003இல் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. 1948இல் இழந்ததை முழுமையாக மீட்க 55 ஆண்டுகள்! இழந்தவர்களுள் பலர் மீட்சியைக் காணவில்லை. ஆயினும் பிள்ளைகளுக்காக விடாது கேட்டனர். அரைவயிறு உண்டும் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினர். இன்று அந்த லயங்களிலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் வந்துள்ளனர்.

போராட்டம் முடியவில்லை. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடி அதன் மதிப்பைப் பெரிதும் விழுங்கியது. அதன்பின்னும் கூலி உயர்ந்துள்ளது. எனினும் சொந்த நிலமும் சொந்த வீடும் பல குடும்பங்களுக்கு இன்னும் கனவே.

பெற்றோர்களே, இவ்வரலாறு புலம்பெயர்ந்த இல்லங்களுக்கு ஒன்றைச் சொல்கிறது. அயல்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டுகளில் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர்கள், இரவெல்லாம் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர்கள், பட்டம் பெற்றிருந்தும் பெட்டி சுமந்தவர்கள் நம்மிடையே பலர். ஆனால் பலர் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொல்வது இழுக்கு என்று எண்ணுகின்றனர். விளைவு என்ன? பிள்ளை ஒரு தேர்வில் தவறும்போது, ஒரு வேலையை இழக்கும்போது, இக்குடும்பத்தில் முதன்முதலாக வீழ்ந்தவன் தானே என்று எண்ணி உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறது. மறைக்கப்பட்ட அந்த ஆண்டுகளே பிள்ளைக்குத் தேவையான துணிவு. அவற்றை மறைக்காதீர்கள். முதல் சம்பளம் எவ்வளவு, எத்தனை விண்ணப்பங்கள் திரும்பி வந்தன, அழுத இரவுகள் எவை என்று வீட்டுத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.

இளையோரே, பள்ளிக் கூடத்தைத் துடைப்பவர், பேருந்து ஓட்டுபவர், குப்பை அள்ளுபவர் ஆகியோரின் பெயரைக் கேட்டறியுங்கள். பெயர் சொல்லி வணங்குங்கள். தொழிலாளியை மதிப்பது அவர்மேல் இரக்கப்படுவதன்று. அவர் செய்யும் வேலையின் நுட்பத்தை அறிவதும், அதற்குரிய கூலி அவருக்குக் கிடைக்கிறதா என்று கேட்பதுமே மதிப்பு. தேயிலை வாங்கும்போதும் அக்கேள்வியைக் கேளுங்கள். இடர் வரும்போது தனியே தாங்க முயலாதீர்கள். மலையக மக்கள் கூடி நின்றே எழுந்தனர். வீட்டாரிடம் சொல்லுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள், மறுநாள் எழுந்து வேலையைத் தொடருங்கள்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி பட்டுப்போனது போலத் தோன்றும். சில வாரங்களில் அதே கிளைகளில் புதிய தளிர் விடும். அதைக் கண்ணால் கண்டு வாழ்ந்தவர்கள் அம்மக்கள். அவர்களின் உறவுகள் நாம்.